ஏறிக்கொண்டே போன ஃபேன் சுருதி

எங்கள் எஸ்டேட் ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடிக்கு நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முதலில் பிடித்துப்போனது அங்கிருந்த ஃபேனின் சத்தம்தான். பறித்து வந்த பச்சை இலையை நீளமான கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய ஃபேன் வைத்துக் காற்று விடுவோம். இலை அதில் மணிக்கணக்கில் கிடந்து வாடும். அவ்வளவு நேரமும் அந்த ஃபேன் ஒரே ஸ்வரத்தில் ‘ம்ம்ம்’ என்று நிற்கும். ஏறாது, இறங்காது. தம்புராவுக்கு வழியில்லாத எனக்கு ஃபேக்டரியே ஒரு தம்புரா போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

புல்லாங்குழல் எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேட்டது, ஊதிப் பார்த்தது, அவ்வளவுதான். அந்த ஃபேனுக்குச் சேருகிற குழல் ஒன்று வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்துக்குக் கிளம்பினேன். சுருதி மறந்துவிடக் கூடாதே என்று, குன்னூரில் பஸ் ஏறியதிலிருந்து வாய்க்குள்ளேயே அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மலைப்பாதை வளைவுகளில் இறங்கிப் பர்லியார் தாண்டும்போது பக்கத்து சீட்டு அம்மா, “ஏனுங்க தம்பி, பல்லு வலிங்களா? கிராம்பு வெச்சுக் கடிங்க, நின்னுரும்” என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் சுருதி போய்விடும். தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சுருக்குப்பையிலிருந்து கிராம்பே எடுத்துக் கொடுத்துவிட்டார். கிராம்பும் சுருதியுமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். அங்கே கடையில் பதினோரு குழல் ஊதிப் பார்த்ததில் ஒன்று சேர்ந்தது.

இந்தக் கதையை நான் சொன்னபோது சிரிக்காமல் கேட்ட ஒரே ஆள் எங்கள் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். “வேற எப்படிய்யா கொண்டு போக முடியும்?” என்றார். அன்றைக்கே தெரிந்துவிட்டது, இவர் நம்ம ஆள் என்று.

வாத்தியாருக்கும் என் வயசுதான். சர்ச்சில் வயலின் வாசிப்பார். பாட்டுக்கு நடுவில் இவர் பாட்டுக்கு எங்கேயாவது கிளம்பிப் போய்விடுவார். எங்கள் ஊர்ப் போதகர் ரொம்ப நல்ல மனிதர். “வாத்தியாரே, புத்தகத்துல இருக்கறத மட்டும் வாசிங்க. சபையில பாதிப் பேர் உக்காரலாமா நிக்கலாமான்னு தெரியாம முழிக்கிறாங்க” என்று கெஞ்சுவாராம். சர்ச்சில் அடக்கி வைத்ததையெல்லாம் வாத்தியார் ஞாயிறு மத்தியானம் எஸ்டேட் தொழிலாளர் லைனில் இருந்த எங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஃபேக்டரி ஓடும் ஞாயிறுகளில் ஃபேன் சத்தம் ஜன்னல் வழியாக வந்துவிடும். இல்லாவிட்டாலும் இரண்டு பேருக்கும் அது மனப்பாடம்.

இரண்டு பேருக்கும் ராகத்தின் பேர் ஒன்றும் தெரியாது. நாங்களே பேர் வைத்துக்கொண்டோம். வளைந்து வளைந்து கீழே இறங்குகிற ஒன்றுக்குப் பர்லியார் என்று பேர். மெதுவாக, குளிரில் கை கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிற ஒன்றுக்கு, ஊட்டிக்கு அப்பால் இருக்கிற ஏரியின் பேரில், அவலாஞ்சி. எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ஒருவர் மனதில் வருவதை வாசிக்க வேண்டும். முடிக்கக் கூடாது. முடியப் போகிற இடத்துக்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். அதற்கு வாத்தியார் வைத்த பேர் ‘கொக்கி’. அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டு அடுத்தவர் கிளம்ப வேண்டும். “கொக்கியே போடாம முடிச்சுட்டியே மாப்ள, நான் எதுல தொங்கறது?” என்று கோபித்துக்கொள்வார்.

வாத்தியாரின் மனைவியும் கூட வருவார். சமையலறை நிலைப்படியில் என் மனைவியோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பார். நன்றாக இருக்கிறது என்று வாய் திறந்து சொன்னதே இல்லை. ஒரு பிடி சரியாக விழுந்து நிற்கும்போது, தலை நிமிராமல் “ம்” என்பார். அந்த ஒரு ‘ம்’முக்காக நாங்கள் இரண்டு பேரும் எத்தனை மத்தியானம் மூச்சைப் பிடித்திருக்கிறோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். என் வாசிப்புக்கு ஒன்று, வாத்தியாருக்கு மூன்று என்ற கணக்கில் விழும். “உங்க ஊட்டுக்காரம்மா ஒரவஞ்சனை பண்றாங்க வாத்தியாரே” என்பேன். அதற்கும் அந்த அம்மா “ம்” என்பார்.

ஒரு மழைக்காலத்தில், பத்து நாள் காய்ச்சலில் அந்த அம்மா போய்விட்டார்.

வாத்தியார் அந்த வீட்டில் இருக்க முடியாமல் கூடலூர் பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிக்கொண்டு போனார். சமைத்துப் போட, மலைக்குக் கீழே கீழ்நாட்டிலிருந்து அவருடைய அக்கா வந்து சேர்ந்தார். மூன்று மாதம் கழித்து நான் பார்க்கப் போனபோது வயலின் பெட்டி அலமாரி மேல், பழைய காலண்டர்களுக்கு அடியில் இருந்தது. “ஒண்ணு வாசிக்கலாமுங்களா?” என்றேன். “அதெல்லாம் விட்டாச்சு மாப்ள” என்றார்.

அக்கா என்னை வாசலுக்குக் கூட்டிவந்து மெதுவாகச் சொன்னார்: “பேசறதே இல்லீங்க தம்பி. குக்கர் விசில் அடிச்சாக்கூட ‘ஆகட்டும்’ங்கறான். இந்த ஊர்ல என்னைய எல்லாரும் மலையாளத்துல சேச்சிங்கறாங்க, யாரையோ கூப்புடறாங்கன்னு நான் திரும்பறதில்ல. பேச்சுத்தொணைக்கு இவன் ஒருத்தன்தான். இவன் இப்படி.”

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் புலம்பினேன். வாத்தியார் முன்பே அதிகம் பேசுகிற ஆளில்லை. பேசுவதையெல்லாம் வயலினில்தான் பேசுவார். அதையும் நிறுத்திவிட்டால் அந்த மனிதர் முழுசாக வாயடைத்துப் போன மாதிரிதானே? அவர் திரும்ப வில்லைக் கையில் எடுப்பாரா, மாட்டாரா? எனக்கு அந்த வருஷம் வேறு கவலையே இல்லை. வாராவாரம் போய் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று யோசித்தேன்.

என் மனைவி எங்கள் சூப்பர்வைசர் சொல்வதை எடுத்துவிட்டாள். புதிதாக வருகிறவர்கள் இலை வாடிவிட்டதா என்று கிள்ளிக் கிள்ளிப் பார்த்தால் அவர் கத்துவார்: “தொட்டுத் தொட்டுப் பாக்காதே! காத்தைக் காட்டிட்டுத் தள்ளி நில்லு!” அதை அப்படியே அவர் குரலிலேயே சொல்லிவிட்டு, “வாத்தியாரையும் தொட்டுத் தொட்டுப் பாக்காதீங்க. காத்தைக் காட்டிட்டுத் தள்ளி நில்லுங்க” என்றாள்.

காற்று என்றதும் எனக்கு ஃபேன் ஞாபகம் வந்தது.

மச்சினன் துபாயிலிருந்து கொண்டுவந்த டேப்ரெக்கார்டர் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. கேசட்டுகள் வீட்டுக்கு வீடு நுழைந்த காலம் அது. ஒரு காலை இலையைப் பரப்பி முடித்து, கீழே மற்ற மெஷின்கள் ஓடத் தொடங்குவதற்கு முன், மாடியில் ஃபேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் வாசித்துப் பதிந்தேன். அவலாஞ்சிதான். ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் ஒரு கொக்கி போட்டு நிறுத்தினேன்.

இதில் நான் செய்த கூத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். மாடியில் ப்ளக் கிடையாது. பேட்டரி போட வேண்டும். புது பேட்டரி எதற்கு என்று, ராத்திரி ஷிஃப்டுக்குப் போகும்போது காட்டெருமை நிற்கிறதா என்று அடித்துப் பார்க்கிற டார்ச்சிலிருந்து கழற்றிப் போட்டுக்கொண்டேன். ஏற்கனவே பாதி உயிர் போனவை. வாசிக்க வாசிக்க அவை இன்னும் இறங்கியிருக்கின்றன. டேப் மெல்ல மெல்ல நொண்டியிருக்கிறது. நொண்டி ஓடும்போது பதிந்ததை நல்ல கரண்டில் போட்டுக் கேட்டால் என்ன ஆகும்? சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். வேகமும் ஏறும். என் குழல் மட்டுமா, பின்னால் நிற்கிற ஃபேனும் சேர்ந்து ஏறும். ஜென்மத்தில் ஏறாத அந்த ஃபேன்! இது எதுவும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. போட்டுக்கூடக் கேட்காமல் கேசட்டைக் காகிதத்தில் சுற்றிக் கூடலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன்.

“உள்ள என்னங்க?” என்றார்.

“நான் ஊதினதுங்க.”

“காத்துதானே? அப்ப லக்கேஜ் போட வேண்டியதில்ல” என்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒரு மாதம் போயிற்று. இரண்டு மாதம் போயிற்று. நானும் மனைவி சொன்னபடி தள்ளியே நின்றேன். அது எவ்வளவு கஷ்டம் என்று தள்ளி நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் அதே கண்டக்டர் பஸ்ஸிலிருந்து எட்டி, “ஏனுங்க, உங்க காத்து திரும்பி வந்திருக்குது!” என்று கேசட்டை நீட்டினார்.

வீட்டுக்கு ஓடிவந்து, இந்தத் தடவை புது பேட்டரி போட்டு, கேசட்டை மறுபக்கம் திருப்பி வைத்தேன். வயலின்! நான் விட்ட கொக்கியில் துல்லியமாக மாட்டிக்கொண்டு கிளம்பியது. பின்னால் யாரோ ஒரு பெண் ‘ம்ம்ம்’ என்று இழுப்பதும் நடுநடுவே இருமுவதும் கேட்டது. என் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகோடு வந்து நின்றுவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நிமிஷம்தான். அப்புறம் சுருதி விலகியது. விலகியது விலகியபடியே மேலே போய்க்கொண்டிருந்தது. முடிகிறபோது தொடங்கிய இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் சம்பந்தமே இல்லை.

சந்தேகம் தீர, மறுநாள் டேப்ரெக்கார்டரை மாடிக்கு எடுத்துப்போய் ஃபேன் பக்கத்தில் வைத்தே ஓடவிட்டேன். முதலில் இரண்டும் ஒட்டி நின்றன. கால்வாசி ஓடுவதற்குள் வயலின் தன் வழியில் போய்விட்டது. அடுப்புச் சத்தத்திலும் மழைச் சத்தத்திலும் அந்த ஃபேன் சுருதியைப் பிடிக்கிற காது வாத்தியாருடையது. அந்தக் காது போய்விட்டதா? கை போய்விட்டதா?

“அழுதா தொண்டை மேல ஏறுமில்லீங்களா, அந்த மாதிரி இருக்குது” என்றாள் மனைவி. அதைக் கேட்ட பிறகு எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் வழியாக வரும் கூடலூர் பஸ்ஸுக்குக் காத்திராமல் ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஊட்டி போய், அங்கிருந்து கூடலூர் பஸ் பிடித்தேன். குழலை எடுத்துப் போகவில்லை. கால் ஒடிந்தவர் வீட்டுக்கு ஓடிப் போய் நிற்கிற மாதிரி இருக்குமே என்று தோன்றியது.

நான் போனபோது வாத்தியார் சர்ச்சிலிருந்து வந்திருக்கவில்லை. அக்கா வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“வாங்க தம்பி, வாங்க. என்ன மந்திரம் போட்டு அனுப்புனீங்க?”

“ஏங்க்கா, என்னாச்சு?”

“அந்தக் கேசட்டு வந்து மேசை மேலயே கெடந்துச்சுங்க. இவன் தொடல. நான்தான் ஒரு நாளு, செபப்பாட்டா இருக்கும்னு எங்க டேப்புல போட்டேன். இவன் நோட்டுத் திருத்திட்டு இருந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு நோட்டக் கடாசிட்டு எந்திரிச்சு, ‘அக்கா, ஃபேன் ஏறுது! ஃபேன் ஏறுது!’ங்கறான். நான் மேல பாக்கறேன். எங்க ஊட்டுல ஃபேனே கெடையாதுங்க! காய்ச்சல்ல பெனாத்தறானோன்னு நெத்தியத் தொட்டுப் பாத்தேன். கையத் தட்டிவுட்டுட்டு ஸ்டூல் போட்டுப் பெட்டிய எறக்கிட்டான்.”

“எறக்கிட்டாருங்களா!”

“எறக்கினதோட போச்சுங்களா? பள்ளிக்கூடம் வுட்டு வந்தா ஃபேனு. சோறு உண்டா ஃபேனு. என்னையும் உக்கார வெச்சு, ‘ம்ம்னு இழு, கொஞ்சங்கொஞ்சமா ஏத்து’ங்கறான். நான் என்ன ஊட்டி ரயிலுங்களா, இழுத்துக்கிட்டே ஏறறதுக்கு? இருமல் வந்தா, ‘கெடுத்துட்டே, மொதல்ல இருந்து’ங்கறான். அப்படி ஒரு மாசம்.”

நான் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் நின்றேன். வாத்தியார் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு, வேகமாக, மேட்டில் ஏறி வந்த மூச்சோடு.

“மாப்ள! நீ செஞ்ச வேலை இருக்கே!” தோளைப் பிடித்து உலுக்கினார். “சுருதி ஒரு எடத்துல நின்னாத்தானே நாம நடக்க முடியும்? நீ சுருதியையே நடக்க விட்டுட்டியேய்யா! எவனுக்கு வரும் இந்த யோசனை? நான் துரத்தறேன், அது ஏறுது, துரத்தறேன், ஏறுது. சரி, எப்படி ஏத்தினே? பெல்ட்ட இறுக்கினியா? ஃபிட்டரக் கையில போட்டுக்கிட்டியா?”

பாதி உயிர் போன டார்ச் பேட்டரி ஞாபகம் வந்தது; அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாத்தியாரின் காதும் போகவில்லை, கையும் போகவில்லை. என் கேசட் எப்படி ஏறியதோ, அதே அளவு, அதே இடத்தில், அவர் வேண்டுமென்றே ஏறியிருக்கிறார்!

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், இந்த மனிதர் இப்படியே வாசித்துக்கொண்டிருப்பார். பேட்டரி என்று சொன்னால், ஒரு மாதம் பைத்தியம் மாதிரி ஒரு டார்ச் லைட்டுக்குப் பதில் சொல்லி வாசித்திருக்கிறோம் என்று வெட்கப்பட்டு, பெட்டியைத் திரும்ப அலமாரி மேல் ஏற்றிவிட்டால்? அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்ததுக்கு நீ ஃபேனை எறக்கிக்கிட்டே வா மாப்ள, நான் பர்லியார் வாசிக்கிறேன்” என்றார் வாத்தியார்.

அதை நான் எங்கே போய் இறக்குவது? அதோடு, சேர்ந்து வாசிக்கிறவரிடம் பொய் சொன்னால் அடுத்த தடவை குழலிலேயே அது கேட்டுவிடும். சொல்லிவிட்டேன்.

“பேட்டரி எறங்கிருச்சுங்க வாத்தியாரே.”

“என்ன?”

“நான் ஒண்ணும் ஏத்தலீங்க. பேட்டரி எறங்குச்சு. அதனால சுருதி ஏறிருச்சு.”

“என்ன பேட்டரி?”

“டார்ச் பேட்டரிங்க. காட்டெருமை பாக்க வெச்சிருந்தது.”

வாத்தியார் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்காதான் முதலில் தாங்க மாட்டாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, “அட பாவிகளா, அதுக்காங்க என்னைய இரும வெச்சே சாகடிச்சான்!” என்றார். அதற்குப் பிறகு வாத்தியார் சிரித்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. மிளகுப் பாய் மேலேயே உட்கார்ந்துவிட்டார். “காட்டெருமை பேட்டரி, மாப்ள! காட்டெருமை பேட்டரிக்கு நான் எசப்பாட்டு வாசிச்சிருக்கேன்!” கண்ணில் தண்ணீர் வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடியும் சிரித்து, மறுபடியும் கழற்றினார். அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவராகவே சொன்னார். “நான் எடுத்துப் பாக்காம இல்ல மாப்ள. இங்க வந்து ரெண்டு தரம் எடுத்தேன். ஒரு பிடி வாசிச்சு நிறுத்தினா, காது தானா சமையக்கட்டுப் பக்கம் போயிருது. அங்க ஒண்ணுமில்ல. அதுக்கு மேல வில்லு நகர மாட்டேங்குது. உன் ஃபேனு என்னைய நிக்கவே விடல. துரத்தறதுக்கே நேரம் சரியா இருந்துச்சு.”

“நிக்கற சுருதியில வாசிக்கிறீங்களா?” என்று மட்டும் கேட்டேன். கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்று இருந்தது.

வாத்தியார் பெட்டியைத் திறந்தார். கம்பியைத் திருகி, ஃபேன் சுருதிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். இந்தத் தடவை அது எங்கேயும் போகாது. அவலாஞ்சியைத் தொடங்கினார். நன்றாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் விரல் கெட்டியாகிப் போயிருந்தது. இரண்டு இடத்தில் வழுக்கினார். ஒரு மாதமாக ஏறியே பழகிய கை, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் மேலே மேலே போகப் பார்த்தது. ஒரு பிடியைப் பாதி வரை கொண்டுவந்து, நிறுத்தினார்.

அக்கா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர், கழுவுவதை விட்டுவிட்டார். எனக்கும் அந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த ‘ம்’ நான் போடுகிற ‘ம்’ இல்லை. நான் போட்டால் அபஸ்வரம். தரையைப் பார்த்தேன்.

வாத்தியார் தலையைக் கொஞ்சம் சாய்த்தார். சமையலறைப் பக்கம்தான். பிறகு முகத்தைச் சுளித்தார்.

“இந்த எடம் தப்பு” என்றார். திரும்ப முதலிலிருந்து எடுத்தார்.

அதுவும் தப்பு. “என்னடா வெரலு இது, மரவள்ளிக்கெழங்கு மாதிரி!” என்று தன் கையையே திட்டினார். திரும்ப எடுத்தார். நான்காவது தடவையா, ஐந்தாவது தடவையா, எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நிற்பார். நின்றதும் காது எங்கேயும் போகவில்லை. விரலைப் பார்ப்பார், திட்டுவார், மறுபடி தொடங்குவார். உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் திரும்பக் கேட்டது.

மூன்று மணி பஸ்ஸுக்கு நான் கிளம்ப வேண்டும். “வர்றேனுங்க வாத்தியாரே” என்றேன். வில் நிற்கவில்லை. சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு வளைவிலேயே இருந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அக்கா ஈரக் கையைத் துடைத்தபடி கேட் வரைக்கும் வந்தார். “அவன்கிட்டச் சொல்லிக்காமப் போறீங்களே தம்பி?”

“ரெண்டு தரம் சொல்லிட்டேனுங்க அக்கா. காதுல விழல.”

அக்கா வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு நிமிஷம் கேட்டார். அதே இடம்தான். இன்னும் சரியாக வரவில்லை.

“விழாட்டிப் போகுதுங்க” என்று கேட்டைச் சாத்தினார். “நீங்க நடங்க, பஸ்ஸு வந்துரும்.”